ஊருக்கொரு கோலம் கொள்ளும் ஒரே கார்

பாடநூல் ஒன்று அச்சகத்திலிருந்து வெளிவருகிறது. அதன் ஆயிரம் பிரதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன. கிள்ளானில் வாங்கினாலும் ஈப்போவில் வாங்கினாலும் அதே பக்கத்தில் அதே பாடம். தொழிற்சாலையில் செய்யப்பெறும் பொருள்கள் யாவும் இப்படித்தான் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒரு பெயர் கொண்ட மோட்டார்க் கார் எந்த நாட்டில் விற்கப்பட்டாலும் அது அதே கார்தான் என்பது பலருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிலாங்கூரின் தலைநகராகிய ஷா ஆலத்தில் செய்யப்பெற்ற புரோட்டோன் சாகாவே போதிய சான்றாகும். அது கடல் கடந்து சென்றபோது என்னென்ன மாறின, ஏன் மாறின என்று பார்த்தால், சிறிய காரொன்றின் உருவத்தை நிர்ணயிப்பவை யாவை என்பது விளங்கும். சாலை விதி, தட்பவெப்பம், எரிபொருள், வரி, பாதுகாப்புச் சட்டம் ஆகிய ஐந்தும் அவற்றுள் முக்கியமானவை. முதல் நான்கும் காரின் வசதியையும் விலையையும் மாற்றுகின்றன. ஐந்தாவது, காரில் அமர்ந்திருப்போரின் உயிரைத் தொடுகிறது. ஆகவே அதைப்பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

சாகாவின் பிறப்பு

புரோட்டோன் நிறுவனம் 1983ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. ஹைக்கோம் என்னும் அரசாங்கக் கழகம் அதில் 70 விழுக்காட்டுப் பங்கை வைத்திருந்தது. எஞ்சிய 30 விழுக்காட்டை ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனங்கள் இரண்டு, ஆளுக்கு 15 விழுக்காடாக எடுத்துக்கொண்டன. முதல் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளியிடப்பெற்றது. ஷா ஆலத்தில் உருவான முதல் கார் தேசியப் பொருட்காட்சிச் சாலையில் வைத்துக் காக்கப்படுகிறது.

சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். பளபளக்கும் செந்நிற விதைகளைச் சிந்தும் அம்மரத்தைத் தமிழில் மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வர். அதன் விதைகள் எடையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், அக்காலப் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள். எடை மாறாத விதையின் பெயரைத் தாங்கிய கார் நாட்டுக்கு நாடு மாறியது என்பது ஒரு வேடிக்கை.

உண்மையில், சாகாவே வேறொரு காரின் மறு வடிவந்தான். மிட்சுபிஷி நிறுவனம் ஜப்பானில் விற்ற லான்சர் ஃபியோரே என்னும் நான்கு கதவுக் காரின் உடலும், அந்நிறுவனத்தின் 1.3 லிட்டர் இயந்திரமுமே அதற்கு அடிப்படை. ஆகவே, நாம் “நம் நாட்டுக் கார்” என்று பெருமையோடு ஓட்டியதும், ஜப்பானியர் ஓட்டியதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

ஓட்டுநர் அமரும் பக்கம்

ஏற்றுமதிக்கு முதல் தடை சாலை விதியாகும். நாம் சாலையின் இடப்புறமாகச் செல்கிறோம்; ஓட்டுநர் காரின் வலப்புறம் அமர்கிறார். உலகின் பெரும்பாலான நாடுகளில் இது தலைகீழ். அந்நாடுகளுக்குக் கார் அனுப்ப வேண்டுமானால் சுக்கானை மட்டும் இடம் மாற்றினால் போதாது. சுக்கானிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் தண்டு, மிதிகள், பிரேக் எண்ணெய்க் குழாய்கள், முன்பலகை, அதன் பின்னாலுள்ள கம்பிகள் எல்லாம் இடம் மாற வேண்டும். முன்விளக்கும் மாற வேண்டும். இடப்புறம் செல்லும் நாட்டில், தாழ்த்திய விளக்கின் ஒளி இடப்பக்க ஓரத்தைச் சற்று அதிகமாகக் காட்டும்படி கண்ணாடி அமைக்கப்பட்டிருக்கும். அதே விளக்கோடு வலப்புறம் செல்லும் நாட்டுக்குப் போனால், ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும்.

சாகாவின் தொடக்ககால ஏற்றுமதிப் பட்டியலை இந்தக் கண்கொண்டு பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதல் தொகுதிக் கார்கள் வங்காளதேசத்துக்குச் சென்றன. அடுத்து புருணை, நியூசிலாந்து, மால்டா, இலங்கை, பின்னர் பிரிட்டன். இவையனைத்தும் இடப்புறம் செல்லும் நாடுகள். அனைத்தும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கோ பாதுகாப்புக்கோ உட்பட்டிருந்தவை, அல்லது பிரிட்டனே. பழைய ஆட்சி விட்டுச்சென்ற சாலை வழக்கம் ஷா ஆலம் காருக்குக் கடல்வழி காட்டியது எனலாம். அமெரிக்காவுக்கு சாகாவை அனுப்பும் திட்டம் ஒன்று 1980களின் பிற்பகுதியில் பேசப்பட்டது, அது நிறைவேறவில்லை.

குளிர்நாட்டுக்குச் சென்ற சாகா

1989ஆம் ஆண்டில் சாகா பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சாலையின் பக்கம் ஒன்றாக இருந்தும், அந்நாட்டு விதிகளுக்கு ஏற்பக் காரில் நூற்றுக்கணக்கான சிறுசிறு மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. அவற்றுள் சிலவற்றின் காரணம் வானிலையிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் காருக்குக் குளிர்சாதனம் இன்றியமையாதது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் குழந்தையோடு ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலோ, அக்காலத்துச் சிறு காருக்கு அது வேண்டாத ஆடம்பரம். அங்கே வேண்டியது வெப்பமூட்டி. இயந்திரத்தைச் சுற்றிவரும் சுடுநீரின் வெப்பத்தைக் காருக்குள் ஊதிவிடும் எளிய கருவி அது. கண்ணாடியில் படியும் பனியை அகற்றுவதற்கும் அதுவே உதவுகிறது.

அடுத்தது மூடுபனி. அடர்ந்த பனியில் முன்னால் செல்லும் கார் கண்ணுக்குப் புலப்படாமல் மோதல்கள் நிகழ்ந்ததால், 1980 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் ஓடத் தொடங்கிய கார்களில் பின்புற மூடுபனி விளக்கு இருந்தே ஆகவேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டம் விதித்தது. கேமரன் மலைப்பாதையில் அன்றி நமக்கு அதன் தேவை அரிது.

மூன்றாவது, உப்பு. குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை இளக்குவதற்காக அங்கே உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு நீர் காரின் அடித்தகட்டில் தெறித்து இரும்பை அரித்துவிடும். நம் நாட்டிலோ மழையும் ஈரமும் உண்டு, சாலையில் உப்பு இல்லை. ஆகவே, அடித்தகட்டுக்குப் பூசும் காப்புப் பூச்சிலும் நாட்டுக்கு நாடு கவனம் வேறுபடுகிறது.

எரிபொருளும் புகையும்

1993 முதல் ஐரோப்பாவில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகை விதி கடுமையாயிற்று. அதை நிறைவேற்ற, புகைக்குழாயில் வினையூக்கிக் கலம் ஒன்றைப் பொருத்த வேண்டியதாயிற்று. தேன்கூடு போன்ற அறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களை மெல்லியதாகப் பூசிய கலம் அது. நச்சுப்புகை அதனூடே செல்லும்போது பெரும்பாலும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாறிவிடுகிறது.

இந்தக் கலம் இரண்டு நிபந்தனைகளைக் கேட்கிறது. முதலாவது, பெட்ரோலில் ஈயம் இருக்கலாகாது. ஈயம் அந்த உலோகப் பூச்சை மூடிப் பயனற்றதாக்கிவிடும். இரண்டாவது, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. பழைய கார்புரேட்டரால் இந்த நுட்பத்தைக் காக்க இயலாது. மின்னணுக் கருவி அளந்து பீய்ச்சும் முறையே வேண்டும். ஆகவே, பிரிட்டனில் விற்கப்பட்ட சாகா வகைக் கார்கள் பீய்ச்சு முறைக்கு மாறின. நம் நாட்டில் 1992இல் வெளிவந்த சாகா ஈஸ்வாராவோ, அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் கார்புரேட்டருடனேயே விற்பனையாயிற்று. பட்டறையில் எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பது அதன் நன்மை. புகை அதிகம் என்பது அதன் தீமை. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நம் நகரங்களின் மக்கள்.

பெயரும் மாறும்

நாடு மாறினால் பெயரும் மாறுவதுண்டு. 1993இல் நம் நாட்டில் வீரா என்ற பெயரில் வந்த கார், பிரிட்டனில் பெர்சோனா ஆயிற்று. வீரா என்பது நாம் அறிந்த வீரனேதான். வடமொழி வழியாக மலாயில் புகுந்த சொல். 2000இல் வந்த வாஜா, பிரிட்டனில் இம்பியான் என்று விற்கப்பட்டது. மலாய் மொழியில் வாஜா என்றால் எஃகு. இம்பியான் என்றால் கனவு. பின்னர் 2007இல் பெர்சோனா என்ற பெயரை இங்கே வேறொரு காருக்குச் சூட்டினார்கள். ஆகவே, “பெர்சோனா” என்று ஒரு பிரிட்டானியரும் ஒரு மலேசியரும் பேசிக்கொண்டால், இருவர் மனத்திலும் இருவேறு கார்கள் இருக்கக்கூடும். பெயரை நம்பிக் காரை ஒப்பிடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

வரி செதுக்கும் உடல்

காரின் நீள அகலங்களைப் பொறியாளர் தம் விருப்பப்படி வரைகிறார் என்று நாம் நினைக்கலாம். பல வேளைகளில் அந்தக் கோட்டை வரைவது நிதியமைச்சு.

சிலாங்கூரின் ரவாங் பகுதியில் தொழிற்சாலை கொண்ட பெரோடுவா நிறுவனம் 1994இல் வெளியிட்ட கஞ்சில் காரை எடுத்துக்கொள்வோம். கஞ்சில் என்பது சருகுமான். ஜப்பானின் டைஹாட்சு நிறுவனத்தின் மீரா காரே அதன் மூலம். ஜப்பானில் மிகச் சிறிய கார்களுக்கென்று ஒரு தனி வகுப்பு உண்டு. அந்த வகுப்பில் சேரும் காருக்கு வரியும் காப்புறுதிச் செலவும் குறைவு. சேர வேண்டுமானால், 1990இல் திருத்தப்பெற்ற விதிப்படி இயந்திரம் 660 கன சென்டிமீட்டரையும், நீளம் 3.3 மீட்டரையும், அகலம் 1.4 மீட்டரையும் தாண்டலாகாது. மீரா இந்தக் கட்டத்துக்குள் அடங்கப் பிறந்தது. அதன் வழிவந்த கஞ்சிலும் அதே ஒடுங்கிய உடலையும் 660 இயந்திரத்தையும் பெற்றது. கஞ்சிலின் பின்னிருக்கையில் மூவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம், தோக்கியோவில் இயற்றப்பெற்ற ஒரு வரி விதியாகும்! 1998இல் ஜப்பான் மோதல் பாதுகாப்பைக் கருதி அந்த அளவுகளை 3.4 மீட்டராகவும் 1.48 மீட்டராகவும் உயர்த்தியது. கஞ்சிலோ பழைய ஒடுங்கிய உடலுடனேயே பல ஆண்டுகள் தொடர்ந்தது.

இதே கஞ்சில் 1997 முதல் பிரிட்டனில் நிப்பா என்ற பெயரோடு விற்கப்பட்டது. அங்கே 660 இயந்திரம் இல்லை. 850 வகை மட்டுமே. நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் விரையும் வண்டிகளோடு சேர்ந்து செல்லச் சிறிய இயந்திரம் திணறும் அன்றோ!

நம் சாலை வரியும் இயந்திரத்தின் அளவையே பார்க்கிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 1000 கன சென்டிமீட்டர் வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 1200 வரை 55. 1400 வரை 70. 1600 வரை 90. அதைத் தாண்டினால் 200 வெள்ளியும் அதற்கு மேலும் ஏறுகிறது. சிறு கார்களின் இயந்திரங்கள் 1.0, 1.3, 1.5 லிட்டர் என்று படிக்கட்டுப்போல நிற்பதற்கு இத்தகைய வரிக் கட்டங்களும் ஒரு காரணம்.

இந்தியாவில் 2006இல் வந்த விதி இன்னும் விந்தையானது. நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் இயந்திரம் 1200 கன சென்டிமீட்டருக்குள்ளும் இருந்தால் உற்பத்தி வரி குறைவாக இருந்தது. வெளிநாடுகளில் பெரிய இயந்திரங்களோடு விற்ற சுசுகி ஸ்விப்டுக்கு, இந்தியாவில் 1197 அளவுள்ள இயந்திரம் வந்தது. அதன் பெட்டி வைத்த வகையான டிசையர், 2012இல் வாலைக் குறுக்கிக்கொண்டு 3,995 மில்லிமீட்டரில் நின்றது. பின்புறம் வெட்டியதுபோல் தோன்றும் அந்தக் கார்களைச் சென்னையில் கண்டு வியக்கும் நம்மவர்க்கு, வெட்டிய கத்தி வரிச் சட்டம் என்பது இப்போது புரியும்.

உயிரைக் காக்கும் வேறுபாடு

இதுவரை கூறியவற்றில் குறை காண ஏதுமில்லை. குளிர்நாட்டுக்கு வெப்பமூட்டியும் வெப்பநாட்டுக்குக் குளிர்சாதனமும் பொருத்துவது அறிவுடைமை. ஆனால் மனித எலும்பு எல்லா நாட்டிலும் ஒரே உறுதி உடையது. மோதலில் உடல் தாங்கும் வேகம் பிரிட்டானியருக்கு ஒன்று, மலேசியருக்கு ஒன்று என்று இல்லை. அப்படியிருக்க, உயிர் காக்கும் கருவிகளும் நாட்டுக்கு நாடு மாறியிருக்கின்றன.

முதலில் இருக்கைப்பட்டை. பிரிட்டனில் 1987 ஏப்ரல் முதல் புதிய கார்களின் பின்னிருக்கையிலும் பட்டை இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, 1989இல் அங்கே இறங்கிய சாகாவில் அது இருந்தே தீர வேண்டும். நம் நாட்டில் முன்னிருக்கைப் பட்டை 1979 முதல் கட்டாயம். பின்னிருக்கையில் அமர்வோர் பட்டை அணிய வேண்டும் என்ற விதியோ 2009 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போதும், 1995க்கு முன் பதிவான பழைய கார்களுக்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் பலவற்றில் பின்னிருக்கைப் பட்டையே இல்லை. பின்னிருக்கையில் அமர்பவர்கள் யார்? பெரும்பாலும் குழந்தைகளும் பாட்டிமாரும். தைப்பூசத்துக்குத் தோட்டத்திலிருந்து பத்துமலைக்கு ஒரு காரில் குடும்பமே நெருக்கி அமர்ந்து சென்ற காலத்தை நம்மில் பலர் அறிவோம்.

இரண்டாவது காற்றுப்பை. கார் மோதியவுடன் உணர்கருவி அதை அறிந்து ஒரு சிறு வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. அதனால் எழும் வாயு, கண் இமைப்பதற்குள் பையை நிரப்புகிறது. முன்னோக்கிப் பாயும் தலையும் மார்பும் சுக்கானில் மோதாமல் அந்தப் பையில் புதைகின்றன. ஆனால் காற்றுப்பை இருக்கைப்பட்டைக்குத் துணையே தவிர, அதற்கு மாற்று ஆகாது. பட்டை அணியாதவர் பை விரியும் முன்பே அதன் அருகில் போய்விடுவதால், பையே காயம் விளைவிக்கக்கூடும்.

2005இல் பெரோடுவா வெளியிட்ட மைவி காரில் விலை குறைந்த வகைகளுக்குக் காற்றுப்பை இல்லை, மேல்வகைக்கு இருந்தது. அதாவது, ஒரே பெயர், ஒரே உடல், ஒரே நாடு. ஆனால் வாங்குவோரின் பணப்பையைப் பொறுத்துப் பாதுகாப்பு.

ஒரே ஆலை, இருவேறு கார்கள்

இவ்வேறுபாட்டை உலகமே பார்க்கும்படி செய்தது, தமிழ்நாட்டுக்கும் தொடர்புடைய ஒரு சோதனையாகும். சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாய் தொழிற்சாலை உள்ளது. 2007இல் வந்த ஐ10 என்னும் சிறு கார் அங்கே செய்யப்பெற்று, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டது. 2008இல் ஐரோப்பியச் சோதனை அமைப்பு அதை மோதவிட்டுப் பார்த்து, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் அளித்தது. அந்தக் காரில் காற்றுப்பைகள் இருந்தன.

2014 ஜனவரியில் உலகக் கார்ச் சோதனை அமைப்பு, இந்தியாவில் விற்கப்படும் மலிவு வகைகள் ஐந்தை எடுத்து மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. மாருதி சுசுகி ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ, ஹூண்டாய் ஐ10 ஆகியவையே அவை. எதிலும் காற்றுப்பை இல்லை. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இரண்டு ஆண்டுகளின் சோதனை முறைகளும் முற்றும் ஒன்றல்ல என்பது உண்மை. எனினும், நான்குக்கும் பூச்சியத்துக்கும் உள்ள தூரத்தைச் சோதனை முறை மட்டும் விளக்கிவிடாது. ஒரே ஆலையில், ஒரே தமிழ்த் தொழிலாளர் கைகளால், கடல் கடந்து போகும் காருக்கு ஒரு காப்பும் உள்ளூர்க் காருக்கு வேறொரு காப்பும் அமைந்தன.

அதே சோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. போலோ காரின் உடல் அமைப்பு மோதலைத் தாங்கி நின்றது. காற்றுப்பை இல்லாததாலேயே அது தோற்றது. முன்புறம் இரண்டு காற்றுப்பைகள் பொருத்திய போலோவைச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. காற்றுப்பை இல்லாத வகையை அந்நிறுவனம் இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. வேறு சில கார்களில் உடலே மடங்கி நொறுங்கியது. அவற்றில் காற்றுப்பை வைத்தும் பெரும்பயன் இராது. ஆகவே, காப்பு என்பது பையின் எண்ணிக்கை மட்டும் அன்று. பயணிகள் அமரும் கூண்டின் உறுதியும் சேர்ந்தது.

பின்னர் இந்தியச் சட்டம் விழித்துக்கொண்டது. 2017 அக்டோபர் முதல் புதிய வகைகளுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019 ஜூலை முதல் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்குக் காற்றுப்பை இருக்க வேண்டும் என்று ஆயிற்று. முன்பு இயலாது என்று எண்ணப்பட்டது, சட்டம் வந்த பின் இயன்றது.

விலை என்னும் வாதம்

“பாதுகாப்புக் கருவிகளைச் சேர்த்தால் விலை ஏறும்; ஏழை எப்படி வாங்குவான்?” என்று கேட்பார்கள். இதைப் புறக்கணிக்க முடியாது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். மனைவியையும் குழந்தையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்ற தொழிலாளி ஒருவர், மழையிலும் இருளிலும் அவர்களைக் கூரையின்கீழ் அழைத்துச் செல்லச் சின்னக் கார் ஒன்று வாங்குகிறார் என்றால், காற்றுப்பை இல்லாத காரும் அவருக்கு ஒரு முன்னேற்றமே. கஞ்சில் நம் உழைக்கும் மக்களுக்குச் செய்த நன்மை சிறிதன்று.

ஆனால் அந்த வாதத்துக்கு எல்லை உண்டு. ஒரு கருவி மேல்வகைக்கு மட்டும் என்று இருக்கும்வரை, அது குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டு விலை மிகுந்ததாகவே இருக்கும். எல்லாக் காருக்கும் என்று ஆகும்போது, இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு அதன் அடக்கவிலை குறையும். 2014இல் பெரோடுவா வெளியிட்ட அக்சியா, அந்நிறுவனத்தின் மலிவான கார். அதன் அடிப்படை வகையிலும் இரண்டு காற்றுப்பைகள் இருந்தன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மைவியின் கீழ்வகைக்குக் கிடைக்காதது, அதனினும் சிறிய காருக்குக் கிடைத்தது.

இடைக்காலத்தில் நேர்ந்தது என்ன? மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும் உலகக் கார்ச் சோதனை அமைப்பும் சேர்ந்து, 2011இல் ஆசியான் நாடுகளுக்கெனக் கார்ச் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 2013 ஜனவரியில் முதல் முடிவுகள் வெளியாயின. எந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை வாங்குவோர் அறிந்துகொள்ள வழி பிறந்தது. ஐரோப்பாவிலும் இப்படித்தான் நடந்தது. 1997இல் வெளியான முதற்சோதனைகளில் ரோவர் 100 என்னும் சிறு கார் ஒரே நட்சத்திரம் பெற்றது. அதன் விற்பனை சரிந்து, உற்பத்தியே விரைவில் நின்றது. அந்தக் காரை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. மக்கள் வாங்க மறுத்தார்கள்.

சட்டம் முற்றிலும் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வழுக்கும் சாலையில் கார் நிலைதடுமாறும்போது, தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் தானாகப் பிடித்து வண்டியை நேர்வழிக்குக் கொண்டுவரும் மின்னணு நிலைப்புக் கருவியை எடுத்துக்கொள்வோம். 2016இல் வந்த சாகாவில் அது மேல்வகைக்கு மட்டுமே கிடைத்தது. 2018 ஜூன் முதல், புதிதாக அறிமுகமாகும் கார் வகைகளுக்கு மலேசியா அதைக் கட்டாயமாக்கியது. நட்சத்திரம் தூண்டுகிறது, சட்டம் கடைசி மனிதனுக்கும் கொண்டுசேர்க்கிறது.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

கார் வாங்கப் போகும்போது நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: மாதத் தவணை எவ்வளவு, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், பின்னால் விற்றால் என்ன விலை போகும். இவை நியாயமான கேள்விகளே. இவற்றோடு இன்னும் நான்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: நான் வாங்கும் இந்தக் குறிப்பிட்ட வகைக்கு எத்தனை காற்றுப்பைகள்? ஒரே காரின் வெவ்வேறு வகைகளுக்கு வெவ்வேறு நட்சத்திரம் கிடைப்பதுண்டு. விளம்பரத்தில் காணும் ஐந்து நட்சத்திரம் மேல்வகைக்கு உரியதாக இருக்கலாம்.

இரண்டு: நிலைப்புக் கருவியும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்கும் இந்த வகையில் உண்டா?

மூன்று: பின்னிருக்கையின் நடுவிலும் மும்முனைப் பட்டை உண்டா? குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கிகள் உண்டா?

நான்கு: இதே கார் அயல்நாட்டில் விற்கப்பட்டால், அங்கே உள்ளது இங்கே ஏன் இல்லை?

பழைய கார் வாங்குவோர் இதில் மேலும் கருத்தாக இருத்தல் வேண்டும். தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் வந்த குடும்பங்கள் பல, முதலில் வாங்குவது பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய காரைத்தான். பளபளக்கும் புதுப்பூச்சும் ஒலிபெருக்கியும் கண்ணைக் கவரும். பின்னிருக்கையைத் தூக்கிப் பார்த்து, பட்டைகள் புதைந்து கிடக்கின்றனவா, பூட்டுகின்றனவா என்று சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பட்டை அறுந்திருந்தால் மாற்றித் தரும்படி விற்பவரிடம் கேட்கலாம். பட்டை இருந்தும் அணியாமல் செல்பவருக்கு, எத்தனை நட்சத்திரம் பெற்ற காராலும் பயனில்லை.

சாகாவின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. பிரிட்டன் கேட்டதை ஷா ஆலம் செய்து கொடுத்தது. ஐரோப்பா கேட்டதைச் சென்னை செய்து கொடுத்தது. செய்யும் திறமை இரண்டிடத்திலும் முன்பே இருந்தது. குறைந்திருந்தது உள்ளூரில் கேட்போர் எண்ணிக்கை. மாணவர்க்கு வெப்பவியலும் விசையியலும் கற்பிக்கும் நம் பள்ளிகளில், இருக்கைப்பட்டையும் காற்றுப்பையும் அவ்விதிகளின் எடுத்துக்காட்டாக இடம்பெற்றால், நாளை கார் வாங்கப் போகும் தலைமுறை அந்தக் கேள்விகளோடு கடைக்குள் நுழையும்.